நான்கு மணி நேரம் என்னும் கணக்கு



"துபாயிலிருந்து நான்கு மணி நேரம்தானே, பிள்ளை வந்துவிடட்டும்." மரணம் நிகழ்ந்த வீட்டின் முற்றத்தில் இந்த வார்த்தையைக் கேட்டிராத தமிழ் முஸ்லிம் குடும்பம் இன்று அரிது. துபாய் என்ற இடத்தில் ஷார்ஜா, தோஹா, ரியாத், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஊர் மாறலாம். சொல்பவர் பெரியவராக இருப்பார். சொல்லும் குரலில் பாசம் இருக்கும். அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் மறுத்ததில்லை. என் உம்மாவின் ஜனாஸாவுக்குப் பிறகுதான் அந்த நான்கு மணி நேரத்தைக் குறித்து யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையை இங்கே எழுதுகிறேன். சகோதரர்கள் சிலருக்கு இது கசக்கலாம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். உலக வரைபடத்தில் சென்னையில் ஒரு முளையை அடித்து, நூலைக் கட்டி, மேற்கே துபாய் வரை இழுத்தால் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர் வரும். அதே நூலைக் கிழக்கே திருப்பினால் அது சிங்கப்பூரில் போய் நிற்கும்; அதுவும் 2,920 கிலோமீட்டர் அளவுதான். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பிழைக்கப்போன இரு பெரும் நகரங்களுக்கும் சரி நடுவில் நாம் அமர்ந்திருக்கிறோம். ஜித்தா இன்னும் தொலைவு. 4,450 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நான்கு மணி நேரம், ஜித்தாவுக்கு ஆறு மணி நேரத்தை ஒட்டி ஆகும். குளிர்காலத்தில் உயரத்தில் வீசும் மேல்காற்று வளைகுடாவிலிருந்து வரும் விமானத்தை முதுகில் தள்ளிவிடும். அப்போது வருவதற்கு ஆகும் நேரம் போவதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் குறையும்.

ஆக, நான்கு மணி நேரம் என்பது பொய்யன்று. ஆனால் அது எதை அளக்கிறது? துபாய் ஓடுபாதையின் முனையிலிருந்து மீனம்பாக்கம் ஓடுபாதையின் முனை வரைக்கும் உள்ள நேரத்தை மட்டும் அளக்கிறது. ஒரு மகனின் கட்டிலிலிருந்து தாயின் கட்டில் வரைக்கும் உள்ள நேரத்தை அந்த எண் அளப்பதில்லை.

நாங்கள் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்ததால், செம்பரம்பாக்கத்தில் வாடகைக்கு வீடெடுத்துக் குடிவந்தோம். வாப்பா வஃபாத்தான பின்பு உம்மாவும் என்னுடனே வந்துவிட்டார்கள். என் காக்கா ஷார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்க்கிறவர். 2019 ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை, ஃபஜ்ர் தொழுகை முடிந்து காலை 5.40 மணிக்கு உம்மாவின் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அப்போது ஷார்ஜாவில் மணி 4.10. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நான் அழைத்தேன், காக்காவின் கைப்பேசி ஒலி அடைத்து வைக்கப்பட்டிருந்தது. அறையில் ஆறு பேர் உறங்கும் இடத்தில் அப்படித்தான் வைக்க முடியும். அவர் விழித்துப் பார்த்தபோது நம் நேரம் ஏழு. உடனே புறப்பட ஆயத்தமானார். ஆனால் பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை, நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படியே தவறு. இருந்தும் நடைமுறை அதுவாக இருந்தது. அலுவலகம் திறந்து, பொறுப்பாளர் வந்து, விடுப்புத் தாளில் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நம் நேரம் 11.30. பிற்பகல் விமானத்தில் இடமில்லை. இரவு 9.45க்குப் புறப்படும் விமானத்தில் மூன்று மடங்கு விலையில் ஓர் இருக்கை கிடைத்தது. அது வெள்ளிக்கிழமை அதிகாலை 3.15க்குச் சென்னையில் இறங்கிற்று. குடியேற்றச் சோதனை வரிசையைக் கடந்து அவர் வெளியே வந்தபோது 4.10. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். 5.20.

வியாழன் 5.40 முதல் வெள்ளி 5.20 வரை என்றால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் குறைவு. அதில் விமானம் பறந்த நேரம் நான்கு மணிதான். எஞ்சிய ஏறத்தாழ இருபது மணி நேரத்தை முற்றத்தில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அந்த ஒரு பகலும் ஓர் இரவும் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் எழுதுகிறேன் என்பது விளங்காது. காலை எட்டு மணிக்குள் ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. குளிப்பாட்டிக் கஃபனிடுவதை, "காக்கா வரட்டும்" என்று தள்ளிப்போட்டோம். பெட்டியின் கண்ணாடியில் நீர் பூக்கும், யாராவது துணியால் துடைப்பார்கள், மறுபடியும் பூக்கும். பிற்பகலில் இருமுறை மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் கொண்டுவர ஒருவர் ஓடினார். அதிரையிலிருந்து வந்த உறவினர்களுக்குச் சாப்பாடு, தேநீர், படுக்கை என்று வீடு ஒரு விருந்து வீட்டின் பரபரப்பைப் பூண்டது. அஸருக்குப் பிறகு இரண்டு மாமன்மார், உடலை அதிரைக்குக் கொண்டுபோவதா இங்கேயே அடக்குவதா என்று குரல் உயர்த்திப் பேசத் தொடங்கினார்கள். "எங்கே உயிர் பிரிகிறதோ அங்கேயே வைத்துவிடுங்கள்" என்று உம்மா பலமுறை சொன்னதை நான் எடுத்துச்சொல்ல வேண்டியதாயிற்று. இரவு ஒரு மணிக்குப் பெட்டியின் அருகே நானும் என் மனைவியும் மட்டும் விழித்திருந்தோம். அந்தக் குளிர் எந்திரத்தின் இரைச்சலில் யாஸீன் ஓதினேன். ஓதுவது என் காதுக்கே கேட்கவில்லை.

காக்கா வந்தார். கண்ணாடியைத் தூக்கிக் காட்டினோம். உம்மாவின் முகம் அவர் விட்டுச்சென்ற முகமாக இல்லை. பிறகு குளிப்பாட்டக் கொண்டுபோய்விட்டார்கள். காக்கா உம்மாவுடன் இருந்தது கால்மணி நேரம்.

இந்தக் காத்திருப்பு நம் முன்னோரிடம் இருந்ததா? இல்லை. அவர்கள் நம்மைவிடத் தொலைவில் இருந்தார்கள். என் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடிற்று. பின்னர் 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அதன் பயணிகள் சேவையும் நின்றது. கரையில் ஒரு தாய் இறந்தால் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தந்தி போகும்; இல்லையேல் கடிதம் போகும். அவன் செய்தியைப் படிக்கும்போது அடக்கம் முடிந்திருக்கும். யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவனும் காத்திருக்கும்படி கேட்கவில்லை. பாசம் குறைவாக இருந்ததால் அப்படி நடந்ததென்று யாரேனும் சொல்வார்களா? தாய் இறந்த செய்தி வந்த அன்று தன் கடையை அடைத்துவிட்டு, பினாங்குப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழவைத்த பாட்டனாரைக் குறித்து எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசுவார்கள்.

தொலைவு ஒரு வாரமாக இருந்தபோது மைய்யித் சில மணி நேரத்தில் மண்ணுக்குப் போயிற்று. தொலைவு நான்கு மணி நேரமாகச் சுருங்கியபோது மைய்யித் ஒரு நாள் முழுவதும் காத்துக்கிடக்கிறது. என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விமானம் நம்மை நெருக்கமாக்கியதாக எண்ணுகிறோம். இறந்தவரைப் பொறுத்தவரையில் அது தாமதத்தையே கொண்டுவந்திருக்கிறது. வரவே முடியாதவனுக்காக எவரும் காத்திருப்பதில்லை. வந்துவிடுவான் என்ற நம்பிக்கைதான் மணிக்கணக்கை நீட்டுகிறது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததே. ஜனாஸாவை விரைந்து கொண்டுசெல்லும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. இறந்தவர் நல்லவராக இருந்தால் அவரை நன்மையின் பக்கம் விரைந்து சேர்க்கிறீர்கள், அல்லாதவராக இருந்தால் ஒரு தீங்கை உங்கள் தோளிலிருந்து இறக்கி வைக்கிறீர்கள் என்பது அதன் கருத்து. எந்த வகையில் பார்த்தாலும் தாமதத்துக்கு அங்கே இடமில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள், கூட்டம் சேரட்டும் என்பதற்காக ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்கிறார்கள். ஆயினும் அண்மையில் வந்துவிடக்கூடிய வலீக்காக, அதாவது பொறுப்பாளருக்காக, உடல் மாற்றமடையும் அச்சமில்லாதவரை சற்றுக் காத்திருப்பதில் குற்றமில்லை என்றும் சொல்கிறார்கள். "ஃப்ரீசர் பெட்டி இருக்கிறதே, உடல் மாறாதே, பிறகென்ன?" என்று ஒரு படித்த சகோதரர் என்னிடமே கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த அனுமதியில் இரண்டு செய்திகள் உண்டு. பெட்டி ஒன்றுக்கு மட்டுமே விடை சொல்கிறது. உடல் மாறாதிருப்பது ஒன்று. வரவேண்டியவர் அண்மையில் இருப்பது மற்றொன்று. பாஸ்போர்ட் இன்னொருவர் இழுப்பறையில் பூட்டியிருக்கும் ஒரு மனிதர் அண்மையில் இருப்பவரா? டிக்கெட் கிடைக்குமா என்றே தெரியாத நிலையில், "நான்கு மணி நேரம்தான்" என்று சொல்லி அவரை அண்மையில் இருப்பவராக ஆக்கிவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. வலீக்காகத்தான் காத்திருப்பு என்றால், என் உம்மாவுக்கு வலீ அன்று அந்த முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தான். நானும் அவர்களுடைய மகன்தானே! மூத்தவருக்கு முன்னுரிமை உண்டென்பது சரி. அவர் இல்லாத இடத்தில் இளையவன் தொழவைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அன்று எனக்கு இது தெரியும். ஆனால் சொல்லத் துணிவு வரவில்லை. காக்காவின் உரிமையைத் தம்பி பறித்துக்கொண்டான் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று அஞ்சினேன்.

நபி (ஸல்) அவர்களின் நல்லடக்கமே உடனே நடைபெறவில்லையே என்றும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே மக்கள் இமாமின்றிக் கூட்டம் கூட்டமாக உள்ளே சென்று தொழுதார்கள். ஒரு சமுதாயமே தன் தலைமையை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்த நாளை நம் வீட்டு விமான டிக்கெட்டுக்கு ஆதாரமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரமுடியாத மகனுக்கு வழியே இல்லையா? உண்டு. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த அன்றே நபி (ஸல்) அவர்கள் அச்செய்தியைத் தோழர்களுக்கு அறிவித்து, அவர்களை அணிவகுக்கச் செய்து, நான்கு தக்பீர்களுடன் தொழவைத்தார்கள். மதீனாவுக்கும் அபிசீனியாவுக்கும் இடையில் செங்கடல் கிடக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இதை வைத்தே ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகள் காயிப் ஜனாஸாவை அனுமதிக்கின்றன. ஹனஃபீ, மாலிக்கீ மத்ஹபுகள் அந்நிகழ்ச்சியை அம்மன்னருக்கு மட்டும் உரியதாகக் கொண்டு, பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் சகோதரர்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். அவர்கள் தம் ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளட்டும். துஆவுக்கும் தர்மத்துக்கும் எந்த மத்ஹபிலும் தடையில்லை. பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு பெண்மணி இறந்து, நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கப்பட்டபோது, அவர்கள் கப்ரைக் காட்டச்சொல்லிச் சென்று அங்கே தொழுதார்கள். இரண்டு நாள் கழித்து வந்து இறங்கும் மகனும் கப்ரருகே நிற்கலாம். அங்கே அவனை யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். கால்மணி நேரத்தில் பெட்டியை மூடவேண்டிய கட்டாயமும் இல்லை.

எங்கள் பகுதியில் இந்த நான்கு மணி நேரக் கணக்கை ஏரியே ஒருமுறை உடைத்துக்காட்டிற்று. 2015 டிசம்பர் முதல் நாள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்றைய மழையில் ஏரி நிரம்பித் ததும்ப, விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் அடையாற்றில் இறங்கிக் குன்றத்தூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாகப் பாய்ந்தது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலத்தின் மேல் கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஆறு பெருகியதும் விமான நிலையமே நீரில் நின்றது. ஏறத்தாழ ஐந்து நாள் பயணிகள் விமானம் எதுவும் அங்கே ஏறவோ இறங்கவோ இல்லை. சில விமானங்களை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து இயக்கினார்கள்.

அந்த வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் துபாயில், மற்றொருவர் சிங்கப்பூரில். நான் மேலே சொன்ன நூலின் இரு முனைகளிலும் ஒவ்வொருவர்! இருவருக்கும் நான்கு மணி நேரம். இருவருக்கும் வழியில்லை. மின்சாரமும் கிடையாது, ஃப்ரீசர் பெட்டியும் கிடையாது, கைப்பேசிக் கோபுரங்களும் பாதிக்கு மேல் ஊமையாகிவிட்டன. காலையில் உயிர் பிரிந்தவரை லுஹருக்குப் பிறகு தொழவைத்து, முழங்கால் தண்ணீரில் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு, மேட்டிலிருந்த மையவாடிக்குச் சென்று அஸருக்கு முன் அடக்கிவிட்டுத் திரும்பினோம். அரிசி ஆலையில் வேலை பார்த்த இரண்டு பீகார் சகோதரர்களும் தோள் கொடுத்தார்கள். சிங்கப்பூர் மகன், செய்தி எட்டியதும் தம் பகுதிப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா நடந்ததாகப் பிறகு சொன்னார். அங்குள்ள மலாய் மக்கள் ஷாஃபிஈகள்தானே. துபாய் மகன் தம் அறையிலேயே அழுது துஆச் செய்திருக்கிறார். இருவரும் இரண்டு வாரம் கழித்து வந்தபோது கப்ரின் மண் சற்று உலர்ந்திருந்தது.

அந்த ஜனாஸாவில் ஏதோ குறைந்துபோயிற்று என்று தெருவில் எவரும் பேசவில்லை. மாறாக, "எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டான் அல்லாஹ்" என்றே பெண்கள் பேசிக்கொண்டார்கள். இத்தனையையும் கண்ணால் பார்த்த நான்தான் நான்கு ஆண்டு கழித்து என் உம்மாவை ஒரு பகலும் ஓர் இரவும் பெட்டியில் வைத்திருந்தேன்.

பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தையும் ஏரிகளையும் காக்க எதிர்த்து நிற்கிறார்கள். அந்த நியாயம் தனியே எழுதவேண்டியது. இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம், தேநீர்க்கடையில் கேட்ட ஒரு பேச்சு: "அது வந்துவிட்டால் துபாயிலிருந்து வாசலிலேயே இறங்கிவிடலாம்." சரி, ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்றே வைத்துக்கொள்வோம். என் காக்காவின் இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த ஒரு மணி நேரம் எதை மாற்றியிருக்கும்? நேரம் போனது சாலையில் அன்று, அனுமதியில். அதில் சிறிது மாற்றம் வந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கத்தாரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு 2018இலும் மேலும் பலருக்கு 2020இலும் வெளியேறும் அனுமதிச்சீட்டு நீக்கப்பட்டது. சவூதியில் 2021 மார்ச் முதல் தனியார் நிறுவனத் தொழிலாளர் முதலாளியின் ஒப்புதலின்றியே வெளியேறி மீளும் விசாவை இணையவழி பெறலாம். வீட்டு ஓட்டுநர்களுக்கும் பணிப்பெண்களுக்கும் அந்தச் சலுகை அப்போது நீட்டிக்கப்படவில்லை. நம் ஊர்ப் பெண்களில் எத்தனையோ பேர் பணிப்பெண்களாகத்தானே போயிருக்கிறார்கள். தாயின் மரணச் செய்தியை அடுப்படியில் நின்றபடி கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்காக எந்த முற்றத்திலும் யாரும் "வந்துவிடட்டும்" என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரகடத்துச் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வகைத் தொலைவும் உண்டு. பல தொழிற்சாலைகளில் உள்ளே நுழையும்போதே கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மகனுக்குத் தந்தையின் மரணச் செய்தி ஷிஃப்ட் முடிந்துதான் எட்டுகிறது. வீட்டார் அந்தத் தொழிற்சாலையின் வாயிற்காவல் எண்ணைக் குறித்துவைத்திருந்தால் அரை மணியில் ஆளை வரவழைக்கலாம். இன்றே கேட்டு எழுதி வையுங்கள். இதற்கு ஃபத்வா எதுவும் தேவையில்லை.

வெளிநாட்டிலேயே இறந்துவிடும் பிள்ளைகளைக் குறித்தும் ஒரு சொல். இறப்புச் சான்று, காவல்துறைத் தாள், தூதரகத்தின் ஒப்புதல், பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்தல் என்று நாள்களும் சில வேளை வாரங்களும் ஓடுகின்றன. முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கும் தாயிடம் எந்த வாதமும் எடுபடாது. எடுத்துவைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஆண்களிடம் சொல்வேன். அங்கேயே அடக்குவதற்கு ஒப்புதல் கொடுப்பது பிள்ளையைக் கைவிடுவதாகாது. அந்த மண்ணிலும் நம்மவர் ஆயிரக்கணக்கில் உறங்குகிறார்கள்.

இனி, என்ன செய்யலாம் என்பது. ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். மரண வீட்டில், அழுகைக்கு நடுவே, யார் உரக்கப் பேசுகிறாரோ அவருடைய முடிவே நிற்கும். என் வஸிய்யத்தில் இப்படி எழுதி, மனைவியிடமும் மஹல்லா இமாமிடமும் கொடுத்திருக்கிறேன்: உயிர் பிரிந்தபின் குளிப்பாட்டுவதை எவர் வரவுக்காகவும் தள்ளிவைக்க வேண்டாம். வந்துகொண்டிருப்பவர் டிக்கெட் எடுத்துவிட்டார், அடுத்து வரும் இரண்டு தொழுகை நேரங்களுக்குள் வாசலில் இறங்கிவிடுவார் என்று உறுதியானால் மட்டும் காத்திருக்கலாம். இல்லையேல் இருப்பவர்கள் தொழவைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு வக்து என்பது மார்க்கம் வகுத்த எல்லையன்று, நானாக வைத்துக்கொண்டது. உங்கள் ஆலிம் இன்னும் குறைத்துச் சொன்னால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மஹல்லாவே இப்படியொரு வழக்கத்தை முடிவு செய்துவிட்டால் எந்தத் தம்பியும் காக்காவின் பெயருக்கு அஞ்சவேண்டியதில்லை. பழி ஜமாஅத்தின் மீது போகட்டும். அதற்குத்தானே ஜமாஅத் இருக்கிறது.

நான்கு மணி நேரம் என்பது உண்மையாகவே நான்கு மணி நேரமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. விடுப்பை முன்பே சொல்லி, டிக்கெட்டை மலிவாக இருக்கும் மாதத்தில் எடுத்து, பாஸ்போர்ட்டை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு, உம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும்போது வந்து இறங்கலாம். ஈராண்டுக்கு ஒருமுறை நிறுவனம் தரும் டிக்கெட்டை வேண்டாமென்று பணமாக வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நான் அறிவேன். வீட்டுக்கடன், தங்கையின் திருமணம் என்று காரணங்கள் எல்லாம் மெய்யானவையே. என் காக்காவும் அப்படி இரண்டு முறை வாங்கினார். உம்மா அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மூன்றரை ஆண்டுக்கு முன்பு.

இந்தக் கட்டுரையை எழுதிமுடித்ததும் முதலில் காக்காவுக்குத்தான் அனுப்பினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ சொல்வதெல்லாம் கிதாபில் இருக்கிறது தம்பி. ஆனால் அந்தக் கால்மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் உம்மா இறந்ததை நான் நம்பியே இருக்கமாட்டேன்" என்று பதில் அனுப்பினார். அவர் சொன்னதை மாற்றாமல் இங்கே சேர்த்திருக்கிறேன். வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் ஜமாஅத்தில் இதுகுறித்துப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். காக்காவின் பதிலையும் அங்கே படித்துக்காட்டிவிட்டுத்தான் என் கருத்தைச் சொல்லப்போகிறேன்.